அக்காவுக்கு, வாவாவிலிருந்து

வாவா, ஒன்ராறியோ, கனடா
தை மாதக் கடைசி

அன்புள்ள அக்கா,

குஞ்சியம்மாவின் மகனிடம் நீங்கள் கொடுத்துவிட்ட கடிதமும் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கிடைத்தன. அவன் ரொறன்ரோவில் இறங்கி அங்கிருந்து தபாலில் போட்டிருக்கிறான். பொதியின் ஒரு மூலை கிழிந்து, தபால் கந்தோர் முழுக்க எங்கள் குசினி மணம்.

"காட்டுக்குள் ஒரு ஊர் என்கிறாய், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்?" என்று கேட்டிருந்தீர்கள். அம்மா அதை நினைத்து அழுகிறா என்றும் எழுதியிருந்தீர்கள். அதனால் அதையே முதலில் எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வாவா 17ஆம் நெடுஞ்சாலையோரம் இருக்கிற சின்ன ஊர். 3,000 பேர்கூட இல்லை. தெற்கே அடுத்த பட்டணம் சூ சென் மரி, 200 கிலோமீற்றருக்கு மேல். வழியில் பெரும்பாலும் காடும் சுப்பீரியர் ஏரியும்தான். அந்த ஏரிக்குள் இலங்கை முழுவதையும் வைத்தாலும் இடம் மிஞ்சும். 1960 வரை தெற்கிலிருந்து இங்கே வர நெடுஞ்சாலையே இருக்கவில்லை. பாதை திறந்த அந்த வருடமே, போகிற வாகனங்கள் ஊருக்குள்ளும் திரும்பட்டும் என்று சந்தியில் பெரிய காட்டு வாத்துச் சிலை ஒன்று வைத்தார்கள். இப்போது நிற்பது 2017இல் மாற்றியது. திரும்பி வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிற இடங்களில் ஒன்றில்தான் எனக்கு வேலை.

காலைச் சாப்பாடு என்று முட்டையும் பொரித்த கிழங்கும் வாட்டிய பாணும் தருவார்கள். பின்னேரம் கேட்டாலும் கிடைக்கும். பூட்டீன் என்று ஒன்று உண்டு. பொரித்த உருளைக்கிழங்கின் மேல் சீஸ் துண்டுகளைப் போட்டுச் சுடச்சுடக் கிறேவி ஊற்றுவார்கள். குளிருக்கு நல்லது, ஆனால் உறைப்பு ஒரு சொட்டும் இல்லை. ஆவணியில் காட்டு புளூபெரி பழுக்கும்; சனங்கள் வாளியோடு பறிக்கப் போவார்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஏரி மீன்தான். வைற்ஃபிஷ் என்பார்கள். வெள்ளைச் சதை, அதிகம் வெடுக்கில்லை. இங்கே மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். நான் அறையில் உங்கள் தூளைப் போட்டுப் புளி கரைத்துக் குழம்பு வைக்கிறேன். இப்போது பெரும்பாலும் அறையில்தான் சமையல். அதுதான் உடம்புக்கும் நல்லது.

மீன் தருகிறவர் பக்கத்து அறைக் கிழவர். முந்திப் பாரலொறி ஓட்டியவர். வெளியே மைனஸ் 30 என்றாலும் கையில்லாத சட்டையோடு பனி தள்ளுவார். இரண்டு தரம் கதவைத் தட்டி, படியில் மீனை வைத்துவிட்டு, நான் திறக்குமுன் போய்விடுவார். அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: காலையில் அண்டங்காக்கைகளுக்கு ஒரு துண்டு பாண் வைத்து, அவை வந்து எடுத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன கிழமை பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஏரி முழுதாக உறையாததால் காற்று அதன் ஈரத்தை அள்ளிவந்து பனியாகக் கொட்டும். முன்னால் போகிற லொறிகூடத் தெரியாது. அப்போது வழியில் வந்த லொறிகள் எல்லாம் இங்கேதான் நிற்கும். சாப்பாட்டு மேசைகள் நிறைந்துவிட்டன. பாண் முடிந்தது, பால் முடிந்தது. அடுத்த பார லொறி வருமட்டும் இருக்கிறதைத்தான் பகிர்ந்து கொடுத்தோம். பஞ்சாபி ஓட்டுநர் ஒருவர் வீட்டில் கட்டிக் கொடுத்த ரொட்டியையும் ஊறுகாயையும் எடுத்து எனக்குப் பாதி தந்தார். வேண்டாம் என்றேன், விடவில்லை. 2006இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதையைப் பூட்டிய பிறகு, கப்பல் வந்தால்தான் சங்கக்கடையில் மா என்று வரிசையில் நின்றோமே, அந்த நாள்தான் முன்னுக்கு வந்தது. அப்போது பெரியம்மா தன் பங்கு மாவில் எங்களுக்கும் பிட்டு அவித்தா. இங்கே பாதை பூட்டினால் அடுத்த நாளோ மறுநாளோ திறந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையோடு பசித்திருப்பது வேறு, அக்கா.

குளிர்காலத்தில் ஆட்கள் வருவது குறைவு. அதனால் எனக்கு நல்ல ஓய்வு. குளிர்ச்சட்டையும் ஒன்று மலிவாகக் கிடைத்தது. யோசிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒடியல்மாவில் கூழ் காய்ச்சினேன். நண்டுக்கும் இறாலுக்கும் எங்கே போவது? வைற்ஃபிஷும் பயற்றங்காயும் போட்டேன். ருசி சரியாகத்தான் வந்தது. கோப்பையில் ஊற்றிக்கொண்டு இருந்தேன். பிலாவிலை கோலிக்கொண்டு முற்றத்தில் எல்லோரும் சுற்றியிருந்து, சின்னக்காவின் பிள்ளைகள் மூக்கு ஒழுக ஒழுக இன்னும் ஊற்றச் சொல்லிக் கேட்காமல் கூழ் எப்படி இறங்கும்? பாதிப் பானை அப்படியே கிடந்தது. பக்கத்து அறைக் கிழவரின் படியில் ஒரு கிண்ணம் வைத்து, இரண்டு தரம் தட்டிவிட்டு வந்தேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது.

சரி, வீட்டு அலுவல். அம்மாவின் கண்ணை இனியும் பிந்தவிட வேண்டாம். யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் தந்த திகதிக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் குறையட்டும், கோயில் திருவிழா முடியட்டும் என்று அம்மா சொல்வதைக் கேட்க வேண்டாம். மாசிக் காசு கொஞ்சம் பிந்தும். இங்கே சின்ன அலுவல் ஒன்று, வேறொன்றுமில்லை. சீட்டுக்கு இந்த முறை அத்தானிடம் வாங்கிக் கட்டுங்கள். பங்குனியில் சேர்த்து அனுப்புகிறேன். தங்கச்சியின் சம்பந்தத்தைக் காசை நினைத்துத் தள்ளிப் போட வேண்டாம். பெடியன் நல்லவன் என்று சங்கக்கடை மாமா சொன்னால் அது போதும்.

கிணற்றடி வேலியைப் பெரியையா ஆட்கள் உள்ளே தள்ளி அடைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சண்டைக்குப் போக வேண்டாம். அவர்கள் தந்த மாவில்தான் நாங்கள் பிட்டுச் சாப்பிட்டோம். அளவைக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பகுதியும் நிற்க அளவுங்கள். உறுதி அம்மாவின் றங்குப்பெட்டியில், அப்பாவின் சால்வைக்குக் கீழே இருக்கும். அதைப் படமெடுத்து எனக்கும் அனுப்புங்கள். எல்லை விபரம் பின்பக்கத்தில், அதையும் எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி