பாங்காக்கிற்குத் தனியே புறப்படும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் சித்தி எழுதுவது. அடுத்த மாதம் நீ பாங்காக்கிற்குத் தனியாகப் போகிறாய் என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது, அவள் குரலில் பெருமையைவிடப் பயமே மிகுந்திருந்தது. பெண்பிள்ளை, அயல்நாடு, தெரியாத மொழி என்று அவள் அடுக்கிய காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த நகரத்தில் தங்கி வேலை பார்த்தவள் என்ற முறையில், அவள் அஞ்சுவது ஓரிடத்திலும் உண்மையான ஆபத்து வேறோரிடத்திலும் இருப்பதை உனக்கு விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். தனியே புறப்படும் வேறு பெண்களும் இதையே கேட்பதால் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

இரவு பத்து மணிக்கும் பாங்காக்கின் சாலையோரத் தள்ளுவண்டிக் கடைகளில் பெண்கள்தாம் அடுப்பை நின்று கவனிக்கிறார்கள். வேலை முடிந்து திரும்பும் பெண்கள் தனியே ரயில் ஏறுகிறார்கள். தெருவுக்குத் தெரு செவன்-லெவன் கடை விடிய விடிய விளக்கு எரிய திறந்திருக்கிறது. இருட்டில் யாராவது பாய்ந்து தாக்குவார்களோ என்ற அச்சத்தைச் சுமந்துகொண்டு அங்கே நடக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்கு அங்கே நேரும் கெடுதல் பெரும்பாலும் பட்டப்பகலில், நல்ல உடை உடுத்தி, கைகூப்பி, உதவி செய்கிறேன் என்று வந்து நிற்கும். ஆகவே நான் உனக்குச் சொல்ல விரும்பும் முதல் விதி இதுதான்: உதவி வேண்டுமென்றால், யாரிடம் கேட்பது என்பதை நீயே பார்த்துத் தேர்ந்தெடு, உன்னைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வருபவரிடம் உன் அடுத்த அடியை ஒப்படைக்காதே. மருந்துக்கடையில் இருக்கும் பெண், ரயில் நிலையக் காவலர், பழம் விற்கும் பாட்டி ஆகியோரிடம் நீயாகப் போய்க் கேட்டால், மொழி தெரியாவிட்டாலும் கடையை விட்டு இறங்கி வந்து வழி காட்டுவார்கள். தாய்லாந்து மக்களின் அந்த நல்ல குணத்தைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. அதை வேடமாகப் போட்டுக்கொள்ளும் சிலரை அடையாளம் காணத்தான் சொல்கிறேன்.

அவர்களை நீ சந்திக்கப்போகும் இடத்தைக்கூட என்னால் சொல்லிவிட முடியும். பாங்காக்கில் எல்லோரும் பார்க்கப் போகும் பெரிய அரண்மனையின் நீண்ட வெள்ளை மதில் ஓரமாக நீ நடந்து போகும்போது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நாற்பது ஐம்பது வயதுள்ள ஒருவர் எதிரே வந்து எந்த நாடு என்று மரியாதையாக விசாரிப்பார். இந்தியா என்றதும் மகிழ்ந்துபோய், இன்று புத்தமதப் பண்டிகை, வெளிநாட்டவருக்கு அரண்மனை மதியத்துக்கு மேல்தான் திறக்கும் என்பார். உன் கையிலுள்ள வரைபடத்தை வாங்கி, அதற்குள் பார்த்துவிட்டு வரக்கூடிய நாலைந்து கோயில்களை வட்டமிட்டுத் தருவார். வெறும் இருபது பாட் (தாய்லாந்துப் பணம்) கூலிக்கு எல்லாவற்றையும் சுற்றிக்காட்ட, நம் ஆட்டோவைப் போன்ற ஒரு டுக்-டுக் வண்டியையும் கூப்பிட்டு நிறுத்துவார். முதல் கோயிலில், யாருமில்லாத மண்டபத்தில், தற்செயலாக வந்தவரைப் போல் இன்னொருவர் பேச்சுக் கொடுத்து, இன்றோடு முடியும் வரிவிலக்கில் நீலக்கல் வாங்கித் தன் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்றதாகச் சொல்வார். அடுத்து வண்டி நிற்கும் இடம் நகைக்கடையாக இருக்கும். இதில் யாரும் உன்னைத் தொடவில்லை, மிரட்டவில்லை. ஆனாலும் வாசலில் இறங்கும்போது, இவ்வளவு உதவியவரிடம் எப்படி மறுப்பது என்ற கூச்சம் உன்னை உள்ளே தள்ளும். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் இந்த வியாபாரம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இத்தனைக்கும், அரச சடங்குகள் நடக்கும் சில நாட்கள் நீங்கலாக, அரண்மனை தினமும் காலை 8.30 மணிக்குத் திறக்கிறது. பார்வையாளர் வாயில் வடக்கே நா பிரா லான் சாலையில் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்பதை அந்த வாயிலில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள், வேறு யார் சொல்லும் உனக்கு வேண்டாம். தோளும் முழங்காலும் மறையும் சுடிதார் போட்டுக்கொண்டு போனால், உடை சரியில்லை என்று சொல்லி யாரும் உன்னைத் திசைதிருப்ப முடியாது. 2019-இல் சனாம் சாய் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, வாட் போ கோயிலுக்கும் அரண்மனைக்கும் ரயிலிலேயே வந்து நடந்துவிடலாம் என்பதால், டுக்-டுக்கின் தேவையே பெரும்பாலும் இல்லை.

தங்குமிடத்தையும் இதே கணக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்கை டிரெயின் என்னும் மேம்பால ரயில் அல்லது மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத்தில், பெரிய சாலையை விட்டு அதிகம் உள்ளே போகாமல் நடந்து சேரக்கூடிய இடமாகப் பார். ஆரி, சாலா டேங், பிரோம் போங் ஆகிய நிலையங்களைச் சுற்றிய பகுதிகள் எனக்குப் பழக்கமானவை, இரவிலும் ஆள்நடமாட்டம் உள்ளவை. அறைவாடகையில் மிச்சம் பிடிக்க நினைத்து நீண்ட சோய் (பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத்தெரு) ஒன்றின் கடைசியில் தங்கினால், மிச்சம் பிடித்த பணம் தினமும் இரவில் வண்டிக்குப் போய்விடும். எந்த வண்டி கிடைக்குமோ அதில் ஏற வேண்டிய கட்டாயமும் வந்து சேரும். வரவேற்பு மேசையில் இரவு முழுவதும் ஆள் இருக்கிறாரா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள். விடுதியின் முகவரி தாய்லாந்து எழுத்தில் அச்சான அட்டை ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள். கைப்பேசி அணைந்துபோனாலும் ஓட்டுநரிடம் அதைக் காட்டலாம்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் வருகைக் கூடத்திலேயே டாக்சி வேண்டுமா என்று அருகில் வருபவர்களைக் கடந்து போய்விடு. அங்கிருந்து நகருக்குள் இருக்கும் பயா தாய் நிலையம் வரை ரயில் இருக்கிறது. அதிகாலையிலிருந்து நள்ளிரவு வரை ஓடுகிறது. டாக்சிதான் வேண்டுமென்றால் தரைத்தளத்தில் உள்ள இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் எண்ணுள்ள தடத்தில் நிற்கும் வண்டியில் ஏறு. மீட்டர் 35 பாட் என்று தொடங்கும்; அதற்குமேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட், விரைவுச்சாலையில் போனால் சுங்கக் கட்டணம். இவை முறையானவை, தகராறு செய்யாதே. ஓட்டுநரின் பெயரும் வண்டி எண்ணும் உள்ள அந்தச் சீட்டை இறங்கும்வரை கையிலேயே வைத்துக்கொள். ஊருக்குள் மீட்டர் போட மறுக்கும் டாக்சியோடு பேரம் பேசுவதைவிட, கதவைச் சாத்திவிட்டு அடுத்ததைப் பார்ப்பது அல்லது கிராப் என்ற வாடகை வண்டிச் செயலியில் அழைப்பது நல்லது.

இனி அக்கா நினைத்தும் பார்க்காத ஆபத்தைச் சொல்கிறேன். உன் உயிருக்கு அங்கே பெரிய எதிரி மனிதன் இல்லை, சாலை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், சாலை விபத்தில் இறப்பவர்கள் தாய்லாந்தில் லட்சம் பேருக்கு 32.7 என்றும் இந்தியாவில் 22.6 என்றும் மதிப்பிட்டிருந்தது. தாய்லாந்தில் அப்படி இறப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்கள். 2022 ஜனவரியில், பயா தாய் சாலையில், மருத்துவமனைக்கு எதிரே உள்ள வரிக்கோட்டில் முறையாக நடந்து கடந்த ஓர் இளம் பெண் மருத்துவர் பெரிய மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். ஓட்டியவர் காவல்துறையைச் சேர்ந்தவர். நாடே கலங்கிய நிகழ்வு அது. ஆகவே வரிக்கோடு இருக்கிறது என்று நம்பிக் காலை வைக்காமல், நடைமேம்பாலத்தைத் தேடு. சியாம், சிட் லோம் பகுதியில் ரயில் பாதைக்கு அடியிலேயே நெடுந்தூரம் மேல்நடைபாதை இருக்கிறது. சோய் முனையில் எண் பொறித்த ஆரஞ்சு மேலங்கியோடு காத்திருக்கும் மோட்டார் சைக்கிள் டாக்சிகளைத் தாய்லாந்துப் பெண்கள் வெகு இயல்பாகப் பயன்படுத்துவார்கள். பலர் ஒருபக்கமாக உட்கார்ந்து, தலைக்கவசம் இல்லாமலும் போவார்கள். நீ அப்படிப் போகாதே. கவசம் கேள், இல்லையென்றால் நட. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடு: இருசக்கர வண்டிக்குச் செல்லுபடியாகும் சர்வதேச உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால், பயணக் காப்பீடு பொதுவாகக் கைவிரித்துவிடும். பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்கும் கடைக்காரரிடம் அதைக் கொடுக்கவே கூடாது.

சென் செப் வாய்க்காலில் ஓடும் படகில் ஏறும்போது இரண்டு கைகளும் காலியாக இருக்கட்டும். படகு துறையைத் தொட்டு நிற்பது சில நொடிகள்தாம். கயிற்றைப் பிடித்து, விளிம்பில் கால் வைத்து, உள்ளே இறங்கிவிட வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே ஏறுபவர்களைப் பார்த்து நான் பலமுறை பதறியிருக்கிறேன்.

தெருநாய்கள் சாதுவாகப் படுத்திருக்கும், தடவிக் கொடுக்கத் தோன்றும், வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ, சிறு காயம்தானே என்று விடாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ராமா 4 சாலையில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் சவோபா ராணி நினைவு நிறுவனத்துக்கு அன்றைக்கே போ. பாம்புப் பண்ணை உள்ள இடம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போடுவது அவர்களுடைய அன்றாட வேலை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரச குடும்பத்தை இழிவுபடுத்தினால் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. வேடிக்கையாகப் பேசினாலும் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தாலும் அது பொருந்தும். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ரயில் நிலையத்தில் நாட்டுப்பண் ஒலித்தால் நீயும் அசையாமல் நின்றுவிடு. மின்சிகரெட்டைக் கொண்டுவருவது அங்கே சட்டவிரோதம். உனக்கு அந்தப் பழக்கம் இல்லை, உடன் தங்கும் தோழிகளுக்குச் சொல். தாய்லாந்துக்குள் நுழைவதற்கான அட்டையை 2025 மே 1 முதல் இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிவரவுத் துறையின் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடு.

காவ் சான் சாலையிலோ சுகும்வித்திலோ இரவில் தோழமையாகப் பழகும் கூட்டம் உனக்கு அமையும். போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வா. உன் கோப்பையை நீயே வாங்கி, கண்ணெதிரே வைத்துக்கொள். எழுந்து போய்த் திரும்பினால் புதிதாக வாங்கு. தங்கியிருக்கும் விடுதியின் பெயரைக் கேட்டால் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரைச் சொன்னால் போதும். யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால் வேகத்தைக் கூட்டாமல் அருகிலுள்ள செவன்-லெவனுக்குள் நுழைந்து, பணம் செலுத்தும் இடத்தில் நின்று, வண்டியை அங்கேயே வரவழை. சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, அவர்களிடம் ஆங்கிலத்தில் பேசலாம். மருத்துவ அவசரத்துக்கு 1669. இந்தியத் தூதரகம் சுகும்வித் சோய் 23-இல் இருக்கிறது. இவற்றைத் தாளில் எழுதி அக்காவிடமும் ஒரு படி கொடுத்துவிட்டுப் போ. நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு ஒன்பதுக்கு நீ அனுப்பும் ஒரு வரி, இங்கே அக்காவும் அத்தானும் ஏழரைக்கு நிம்மதியாகச் சாப்பிட உட்காரப் போதும்.

நீ வேலை தேடும் வயதில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்டுப் பாங்காக்கில் இறங்கிய இந்திய இளைஞர்கள், தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட் வழியாக எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. அங்கே பழகிய எவரும் வேலை வாங்கித் தருகிறேன், எல்லைப்புற ஊருக்கு ஒருநாள் வந்து பார் என்றால், எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும் போகாதே.

திரும்பும் நாளில் விமான நிலையத்தில் நம் மொழியே பேசும் ஒருவர், பெட்டியின் எடை கூடிவிட்டது, இந்தச் சிறு பையை மட்டும் சென்னைவரை கொண்டுவரும்படி கேட்கலாம். அயலூரில் தமிழ் காதில் விழுந்தால் மனம் இளகும், உண்மைதான். ஆனால் பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளிடமிருந்து உயர்ரகக் கஞ்சாவும் ஆமை, பாம்பு, குரங்குக்குட்டிகளும் சென்னை விமான நிலையத்தில் எத்தனையோ முறை பறிமுதல் செய்யப்பட்டுள்ளன. பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மிட்டாய்ப் பெட்டி என்றாலும், குழந்தைக்கான மருந்து என்றாலும், உன் கையால் அடுக்காத எதையும் வாங்காதே. "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு உன் வரிசையில் போய் நில்.

அன்புடன்,
உன் சித்தி