கண்டிச் சீமையிலிருந்து

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். போன கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றியே புலம்பித் தீர்த்துவிட்டேன். இப்போது இடியப்பமும் சொதியும் பழகிவிட்டது. பேச்சும்தான். இங்கே யாரும் பேசுவதில்லை, கதைக்கிறார்கள். அறைக்கு எதிரே ரயில் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும்.

சரி, இதை எழுதுவது வேறு விஷயத்துக்கு. பக்கத்து அறையில், ஹட்டன் என்கிற தேயிலை மலை ஊர்ப் பையன் ஒருவன் இருக்கிறான். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்குத் தரையில் காலால் தாளம் போட்டு உதைத்துக்கொண்டிருந்தான். திட்டத்தான் போனேன். அவனுடைய லேப்டாப்பில், சரக்கு லிப்டுக்குள் நின்று ஒரு கறுப்பினப் பாடகர் பாடிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபென்டாஸ்டிக் நெக்ரிட்டோ என்று பெயர், அமெரிக்காவில் ஓக்லாண்டுக்காரர். இளவயதிலேயே பெரிய கம்பெனி மூலம் 1996-ல் ஒரு ஆல்பம் வந்தது, எடுபடவில்லை. அப்புறம் கார் விபத்து. மூன்று வாரம் கோமா, கிடார் வாசிக்கிற கையும் முடங்கிப்போனது. பாட்டையே விட்டுவிட்டு இருந்தவர், பல வருடம் கழித்துத் தெருவில் நின்று வாசித்துத் திரும்பவும் தொடங்கினார். அந்த லிப்ட் வீடியோ 2015-ல் அமெரிக்க வானொலி ஒன்று நடத்திய போட்டியில் ஜெயித்தது. அதற்குப் பிறகு ப்ளூஸ் ஆல்பங்களுக்காக மூன்று தடவை கிராமி விருது.

ப்ளூஸ் என்பது பருத்திக் காட்டில் வெயிலில் கிடந்த கறுப்பர்களின் பாட்டிலிருந்து வந்தது. ஒரு அடி பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது அடியில் பதில் வரும். பையன் கிடாரை எடுத்துக் காட்டினான். கம்பியை மீட்டிவிட்டு, அழுத்திய விரலாலேயே அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறான். சுரம் நேராக நிற்காமல் வழுக்கி ஏறி, விரல் தளரும்போது முனகிக்கொண்டே இறங்குகிறது.

அந்த இறக்கத்தில்தான் எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது. பெரியப்பா செத்த அன்று தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பாடியதே, ஒரு அடியை இரண்டு தடவை இழுத்து, கடைசியில் குரலை அப்படியே மண்ணில் சாய்க்குமே, அதே இறக்கம். நானும் நீயும் அடுப்படியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம். சனியன்கள்!

அந்த ஒப்பாரியில் ஒரு இடத்தில் கண்டிச் சீமைக்கு, அதாவது இந்த இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு, போய்த் திரும்பாத மாமனைப் பற்றி வரும். இந்தப் பையனின் முன்னோர்களும் நம் பக்கம்தான், இராமநாதபுரம். தோணியில் மன்னாருக்கு வந்து, காட்டுவழியாக மலைக்கு நடந்தே போனவர்கள். அவனுடைய பாட்டிக்கும் அந்த மாதிரிப் பாட்டு நிறையத் தெரியுமாம். கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, போன வருடம் பாட்டி தவறிவிட்டது என்றான். மறுபடி அதே பாட்டைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அதனால் நீ ஒன்று செய். அப்பத்தா பாடுவதைப் போனில் பதிந்து அனுப்பு. வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கக்கூடாது என்று அம்மா கத்தும், களத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. பாடு என்று சொன்னால் பாடாது. பெரியப்பா பேச்சை எடு, தானாக வரும். பட்டனை முன்கூட்டியே அமுக்கிவிடு.

இப்படிக்கு,
உன் தம்பி