எரிகோவுக்குள் இருந்தவர்களையும் வாசியுங்கள்: டர்பன் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான போதகர்களே, மூப்பர்களே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே,

ஸ்தோத்திரம். சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் டர்பனின் மற்றப் பகுதிகளிலும் நம் சபைகளை மேய்க்கிற உங்களிடம், அந்த மந்தையில் ஒருத்தியாகிய நான் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். எரிகோவில் ஆண், பெண், வாலிபர், கிழவர் என்று எல்லாரும் பட்டயத்துக்கு இரையானதையும், அமலேக்கியரின் பால்குடிக்கிற பிள்ளைகளையும் விட்டுவைக்காதே என்று சாமுவேல் சவுலுக்குச் சொன்னதையும், மீதியானியப் பெண்களுக்கு நேர்ந்ததாக எண்ணாகமம் 31-ஆம் அதிகாரம் எழுதிவைத்திருப்பதையும், பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று 137-ஆம் சங்கீதம் முடிவதையும் இனியும் தாண்டிப் போகாமல், சபை கூடியிருக்கும்போது முழுவதுமாக வாசியுங்கள். வாசித்த கையோடு அவற்றுக்கு வக்காலத்து வாங்கவும் வேண்டாம்.

இதைப் பரியாசக்காரர் பேச்சாக எண்ணிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் சாவு விழுந்த இரவுகளிலும், கையில் காசில்லாத மாதங்களிலும் என்னைத் தாங்கினது இந்த வேதம்தான். இதை நான் நேசிப்பதால்தான், இதில் என்னைக் காயப்படுத்துகிற பக்கங்களைக் குறித்து உங்களிடமே வந்து கேட்கிறேன். கேட்ட ஒருமுறை, "விசுவாசம் குறைந்தால் இப்படித்தான் கேள்வி வரும்" என்று மூப்பர் ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். விசுவாசத்தின் தகப்பன் என்று நாம் அழைக்கிற ஆபிரகாம், சோதோமுக்காகக் கர்த்தருடைய முகத்துக்கு முன்பாக நின்று, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டார். அதைக் கேட்டவருக்கு விசுவாசம் குறைவு என்று ஆதியாகமம் எங்கேயும் சொல்லவில்லை.

அந்தப் பகுதிகளை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகள் நாற்காலிகளைச் சுற்றி நடக்கிறார்கள், காகிதத்தைச் சுருட்டிச் செய்த எக்காளத்தை ஊதுகிறார்கள், அட்டைப்பெட்டி மதில் சரிகிறது, நாம் கைதட்டுகிறோம். யோசுவா 6-ஆம் அதிகாரம் 20-ஆம் வசனத்தோடு முடிந்ததுபோல ஆகிவிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு 21-ஆம் வசனத்தை வாசிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, மணமாகி, சபைக் கமிட்டியில் உட்கார்ந்த பிறகும் அதைப் பிரசங்க பீடத்திலிருந்து ஒருமுறைகூடக் கேட்பதில்லை என்பதே என் வருத்தம். பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் அந்த வசனத்தை அவர்கள் முகத்தில் எறிகிறபோது, வசனம் தருகிற அதிர்ச்சியைவிட, தங்கள் சபையே இதைத் தங்களிடம் மறைத்தது என்ற எண்ணம்தான் அவர்களை அதிகமாய் உடைக்கிறது.

எங்கள் வேதபாட வகுப்பில் உபாகமம் 6-ஆம் அதிகாரம் வந்தது. நீ கட்டாத பட்டணங்கள், நீ நிரப்பாத வீடுகள், நீ வெட்டாத துரவுகள், நீ நடாத திராட்சத்தோட்டங்கள் எல்லாவற்றையும் கர்த்தர் உனக்குக் கொடுப்பார் என்று மோசே இஸ்ரவேலுக்குச் சொல்லுகிற இடம் அது. வீடு வாங்கப் போகிறவர்களுக்காக ஜெபிக்கும்போது நாம் வாக்குத்தத்தமாக எடுத்துச் சொல்லுகிற வசனமும் அதுதான். வாசித்து முடித்தபோது, டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்து வளர்ந்த ஒரு ஆயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப நட்டவங்க எங்கப்பா போனாங்க?" என்று கேட்டார். வகுப்பு நடத்தின தம்பி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். அந்த ஆயாவின் தகப்பனார் கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்டு, வாழையும் மாமரமும் வைத்துப் பிழைத்தவர். யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் வருஷத்துக் குழுப் பகுதிச் சட்டத்தின்படி 1958-இல் அந்தப் பகுதி வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்தின் வரிசை வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே இடத்தில் உம்கும்பானே என்ற குடிசைப் பகுதியில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களும் அவர்களுக்கென்று ஒதுக்கிய குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் துரத்தப்பட்டார்கள். இத்தனையும் செய்து பறித்த நிலத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தது.

ஆயாவின் கேள்விக்கு நம் சபைகள் பதில் தேட வேண்டும். ஏனென்றால், இந்தத் தென்னாப்பிரிக்கத் தேசத்தில் அந்த வசனங்கள் ஏட்டில் மட்டும் கிடக்கவில்லை. உள்நாட்டுக்குள் மாட்டு வண்டிகளில் போன, டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளாகிய போயர்கள் தங்களைப் புதிய இஸ்ரவேல் என்று எண்ணிக்கொண்டார்கள். 1838 டிசம்பர் 16-ஆம் தேதி இங்கோமே ஆற்றங்கரையில் மூவாயிரத்துக்கும் அதிகமான சுலு வீரர்கள் மடிந்த நாளை, தேவனோடு செய்த பொருத்தனையின் நாள் என்று தலைமுறை தலைமுறையாக ஆசரித்தார்கள். 1857-இல் டச்சு சீர்திருத்த சபையின் சங்கம், சில விசுவாசிகளின் "பலவீனத்தை" முன்னிட்டு, கறுப்பு நிறத்தவர் தனியே ஆராதிக்கலாம் என்று தீர்மானித்தது. 1948-இல் பிரதமராகி இனஒதுக்கலைச் சட்டமாக்கத் தொடங்கிய டி. எஃப். மாலன் அதே சபையில் போதகராக இருந்தவர். 1974-இல் அந்தச் சபை வெளியிட்ட அறிக்கை, பாபேல் கோபுரத்தையும் உபாகமம் 32-ஐயும் அப்போஸ்தலர் 17-ஐயும் வைத்து, இனங்கள் தனித்தனியே வளர்வதற்கு வேதத்தில் இடம் காட்டியது. நோவாவின் சாபம் கானான்மேல்தான் விழுந்தது என்று வேதம் தெளிவாகச் சொல்லியிருந்தும், அதைக் காமின் சாபமாக்கி ஒரு கண்டம் முழுவதின்மேலும் சுமத்தினார்கள். கானான் தேசத்துக் கிபியோனியரை விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்த யோசுவா 9-ஆம் அதிகாரம், இந்த நாட்டின் கறுப்பு மக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைச் சொல்லும் சொல்வழக்காகவே ஆகிவிட்டது.

இதையெல்லாம் எதிர்த்தவர்களும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எதிர்த்தார்கள். 1982-இல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு இனஒதுக்கலைத் துர்உபதேசம் என்று அறிவித்தது. 1986-இல், இனப் பிரிவினையை மறுக்கிற பெல்ஹார் விசுவாச அறிக்கை ஏற்கப்பட்டது. 1990-இல் சபைகள் கூடின ரஸ்டன்பர்க் மாநாட்டில் டச்சு சீர்திருத்த சபையின் பேராசிரியர் வில்லி யோங்கர் தன் சபையின் பாவத்தை எல்லார் முன்பாகவும் அறிக்கையிட்டார். ஆனாலும், கானானைப் பற்றிய அதிகாரங்களை இனி எப்படி வாசிப்பது என்ற கேள்வி நம் தமிழ்ச் சபைகளின் வாசலுக்குள் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நாம் இன்றைக்கும் யோசுவாவின் பக்கத்தில் நின்றுகொண்டே அந்தக் கதையை வாசிக்கிறோம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கின 342 பேருக்குப் பின்னால் வந்த நாம், கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வேலைசெய்து, பிறகு வீட்டிலிருந்தும் கிளப்பப்பட்ட நாம், யோர்தானின் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

நீங்கள் வழக்கமாகச் சொல்லுகிற விளக்கங்களை நான் அறிவேன். கானானியர் தங்கள் பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணின கொடியவர்கள், கர்த்தர் நானூறு வருஷம் பொறுமையாயிருந்தார், பிறகே நியாயந்தீர்த்தார் என்பீர்கள். இந்த விளக்கத்தை நான் வருஷக்கணக்காக மனதில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். என்னால் இதில் தங்க முடியவில்லை. பிள்ளைகளைக் கொன்றார்கள் என்பதற்காக அந்தப் பிள்ளைகளையே கொல்வது எப்படி நியாயமாகும்? தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே சொல்லியிருக்கிறாரே. அதோடு, ஒரு ஜனத்தின் நிலத்தை எடுக்கப் போகிறவர்கள் முதலில் அந்த ஜனத்தின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் வாழ்கிற நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். குடிசைகள் அசுத்தம், நோய் பரவும், குற்றம் பெருகும் என்று சொல்லித்தான் கேட்டோ மேனரை இடித்தார்கள்.

வேறு சிலர், சுவாசமுள்ள ஒன்றையும் விட்டுவைக்கவில்லை என்பது அக்காலத்து ராஜாக்கள் எல்லாரும் எழுதின போர்ப் பெருமைப் பேச்சு என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. யோசுவா 10-ஆம் அதிகாரத்தில் ஒழிந்துபோன கானானியர், நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் ஊருக்கு ஊர் உயிரோடு இருக்கிறார்கள். எரிகோவில் 1950-களில் அகழாய்வு செய்த கேத்லீன் கென்யன், யோசுவாவின் காலம் என்று எண்ணப்படுகிற காலத்துக்குரிய மதில் அங்கே இல்லை என்று கண்டார். ஆனால் சம்பவம் அப்படியே நடக்கவில்லை என்றாலும், கட்டளை ஏட்டில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்தவர்கள் எடுத்தார்கள்.

அப்படியானால் பழைய ஏற்பாட்டைத் தள்ளிவிடலாமா? இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் அதைத்தான் செய்தார். ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது சரியே. ஏனென்றால், இந்தக் கொடிய பக்கங்களோடு வழக்காடுகிற குரலும் அதே பழைய ஏற்பாட்டுக்குள்தான் இருக்கிறது. 2 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆகாப் ராஜாவின் எழுபது குமாரரின் தலைகளைக் கூடைகளில் வைத்து யெஸ்ரயேலுக்கு அனுப்புகிறார்கள். புதிய ராஜாவான யெகூ அவற்றை ஒலிமுகவாசலில் இரண்டு குவியலாகக் குவித்து வைக்கிறான். நீ நன்றாய்ச் செய்தாய் என்று கர்த்தர் அவனைப் பாராட்டினதாக அந்த அதிகாரம் சொல்லுகிறது. பிற்காலத்தில் வந்த ஓசியாவின் புத்தகத்தைத் திறந்தால், யெஸ்ரயேலின் இரத்தப்பழியை யெகூவின் வீட்டாரிடத்தில் விசாரிப்பேன் என்று அதே கர்த்தர் முதல் அதிகாரத்திலேயே சொல்லுகிறார். இந்த இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்க நமக்குத் தைரியம் வர வேண்டும்.

கிபியோனியரின் கதையும் யோசுவா 9-உடன் முடியவில்லை. 2 சாமுவேல் 21-இல், சவுல் அவர்களைக் கொன்ற பழிக்காகத் தேசத்தில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டாகிறது. விறகுவெட்டிகளான அந்த அந்நியரின் இரத்தத்தைக் கர்த்தர் கணக்கு கேட்கிறார். அதற்கு ஈடாக சவுலின் வம்சத்தில் ஏழு பேர் தூக்கிலிடப்படுகிறார்கள். இது எனக்கு மேலும் ஒரு இடறலே. ஆனால் அங்கே ரிஸ்பாள் என்ற ஒரு தாய் வருகிறாள். இரட்டுப்புடவையைப் பாறையின்மேல் விரித்து, வாற்கோதுமை அறுப்பின் துவக்கமுதல் மழை பெய்யுமட்டும், பகலில் பறவைகளும் இரவில் காட்டுமிருகங்களும் அந்த உடல்களைத் தொடாதபடி காவல் இருக்கிறாள். அவள் ஒரு வார்த்தையும் பேசினதாக எழுதப்படவில்லை. அவள் செய்ததைக் கேள்விப்பட்ட தாவீது எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணுகிறான். அதற்குப் பிறகே தேவன் தேசத்துக்கான வேண்டுதலைக் கேட்டருளினார் என்று 14-ஆம் வசனம் சொல்லுகிறது. தூக்கிலிட்டவுடனே கேட்டருளினதாக அங்கே எழுதியிருக்கவில்லை. அந்த வசனத்தின் வரிசையை நான் பற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த ரிஸ்பாளைப் பற்றி நம் மாதர் ஐக்கியங்களில் ஒரு பிரசங்கமாவது நீங்கள் செய்ய வேண்டும்.

நம்முடைய ஆண்டவர் நாசரேத்து ஜெபஆலயத்தில் ஏசாயா 61-ஐ வாசித்தபோது, அநுக்கிரக வருஷம் என்ற இடத்தில் நிறுத்தி, நீதியைச் சரிக்கட்டும் நாள் என்ற அடுத்த வரியை வாசிக்காமல் புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்தார். அவரே நிறுத்தினாரே, நாமும் நிறுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். அவர் எங்கே நிறுத்தினார் என்பதை அறிய, அடுத்த வரி சபைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்நியரான சாறிபாத்து விதவையையும் சீரியனான நாகமானையும் அவர் புகழ்ந்ததும், மலையின் விளிம்புவரை அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் உண்மையாய் எழுதினவள் ஆகமாட்டேன். நாம் எப்போதும் கானானியராக மட்டும் இருந்ததில்லை. 1949 ஜனவரியில் டர்பன் கலவரத்தில் 142 பேர் இறந்தபோது நம் மக்கள் அஞ்சி ஓடினது உண்மை. 2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸ் பகுதியில் 30-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர், கொல்லப்பட்டதும் உண்மை. அந்த வாரம் எனக்கு வந்த ஜெபக்குறிப்பு ஒன்றில், கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார் என்ற வசனம் இருந்தது. நம் தெருக்களில் போட்ட தடுப்புகளின் மறுபக்கத்தில் நின்றவர்களின் தாய்மாரும் இதே வேதத்தைச் சுலு மொழியில் வாசிக்கிறவர்கள். யுத்த வசனங்களை வாக்குத்தத்த வசனங்களாக மட்டும் பழக்கினால், பயம் வருகிற நாளில் அவை எங்கே போய் நிற்கும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். வருகிற நவம்பர் 16-ஐ ஒட்டிய ஸ்தோத்திர ஆராதனையில், முன்னோர் வந்திறங்கினதற்காக நன்றி சொல்லுகிற அதே வேளையில், உபாகமம் 6:10, 11-ஐயும் யோசுவா 6:21-ஐயும் 2 சாமுவேல் 21-ஐயும் வாசிக்க இடம் கொடுங்கள். வாசித்த பிறகு விளக்கம் சொல்லாமல் சற்று நேரம் அமைதி காத்து, ஆறுதல் வார்த்தை இல்லாமலே முடிகிற 88-ஆம் சங்கீதத்தைச் சபையாகச் சொல்லுவோம். பிரசங்கம் மறுவாரம் வரட்டும். அதற்குள், கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கிளப்பப்பட்ட நம் பெரியவர்களின் வீட்டுக்கு வாலிபர் போய், அவர்கள் நட்டதையும் விட்டுவந்ததையும் கேட்டு எழுதி வரட்டும். குவாமாஷுவிலோ உம்லாசியிலோ உள்ள ஒரு சபையையாவது அழைத்து, அதே அதிகாரத்தை அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்போம். தமிழ் வாசிக்க ஆள் இல்லை என்றால் நான் வாசிக்கிறேன். யோசுவா 6:21-ஐ வாசிக்க அந்த ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். தன் கண்ணாடிக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தால் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
சபை அங்கத்தினர், சாட்ஸ்வொர்த்