'சி' வாங்கிய கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அரசியல் சட்டம் என்றாலே 1787, பிலடெல்பியா, மேடிசன், அதிகாரப் பிரிவினை என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அதன் 27-வது திருத்தத்தின் கதையையும் கொஞ்சம் எழுதலாம்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிச் சட்டம் போட்டால், அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரவேண்டும். அவ்வளவுதான் திருத்தம். அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான மேடிசன் முன்மொழிந்ததை 1789-ல் காங்கிரஸ் நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. போதிய மாநிலங்கள் ஒப்புதல் தராததால் கிடப்பில் விழுந்தது. ஆனால் காலக்கெடு எதுவும் விதிக்கப்படவில்லை.

1982-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் இதைத் தேடிப் பிடித்து, இப்போதும் ஒப்புதல் தரலாம் என்று வகுப்புக்குக் கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி' மதிப்பெண். வேறு யாராவது என்றால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பார்கள். இவர் மாநிலம் மாநிலமாகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். 1983-ல் மெய்ன், 1984-ல் கொலராடோ, அப்புறம் வரிசையாக மற்றவை. தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்பவர்கள் மீது மக்களுக்கு இருந்த எரிச்சலும் கைகொடுத்தது. (அந்த எரிச்சல் எந்த நாட்டில் இல்லை?) 1992-ல் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் சேர்ந்துவிட, 202 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்த திருத்தம் சட்டமானது.

2017-ல் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணை 'ஏ' என்று மாற்றியது. அந்தத் திருத்தத்தோடு ஒப்பிட்டால் 35 ஆண்டு தாமதம் பரவாயில்லை.

– வாசகர், கும்பகோணம்