பழி பார்வையாளர் மேல்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மருத்துவக் கட்டுரையில், பார்வையாளர் கூட்டத்தைக் குறைத்தால் போதும், மருத்துவமனைத் தொற்று தானே அடங்கிவிடும் என்று ஒரு வரி. பேஷ்! வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவைக் கொண்டுபோய்க் கொடுப்பது, கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மைத்துனர்தானா?

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே க்ளெப்சியெல்லாவுக்குள் எத்தனையோ மரபணு வகைகள் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. அடுத்தடுத்த கட்டில்காரர்களிடம் அச்சாக ஒரே வகை கிடைத்தால், அது பெரும்பாலும் அந்த வார்டுக்குள்ளேயே கைமாறியது. கழுவாத கை, சிறுநீர்க் குழாய், சளி உறிஞ்சும் குழாய், வாஷ்பேசின் என்று வழிகளுக்கா பஞ்சம்? வகைகள் வேறுவேறாக இருந்தால், ஆளாளுக்குத் தனியாக வந்திருக்கலாம். அல்லது மருந்தை முறிக்கும் மரபணு மட்டும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையம் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கலாம். இதைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர்.

பக்கவாதத்தில் விழுந்த என் அக்காவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். கல்ச்சர் ரிப்போர்ட்டில் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட வரிசையாக 'ஆர்', அதாவது எந்த மருந்தும் கேட்காது. வேறு வழி இல்லாதபோது போடும் கொலிஸ்டினைக் கடைசியில் போட்டார்கள், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது. அக்கா வீடு திரும்பவில்லை. ஐசியு வாஷ்பேசினில் சோப்பு பாட்டில் காலி என்று நான் சொன்னபோது, "சொல்லியிருக்கோம் சார்" என்றார்கள். தொற்று எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "அட்டெண்டர்ஸ் நிறைய வர்றாங்க" என்று பதில். பில்லில் மட்டும் தொற்றுத் தடுப்புக்கென்று தனிக் கட்டணம் மறக்காமல் இருந்தது.

மெரோபெனம் போன்ற மருந்துகளையே முறிக்கும் என்.டி.எம்-1 என்ற மரபணு (என்.டி. என்றால் நியூ டெல்லி) பற்றி 2010-இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் கட்டுரை வந்தபோது நாம் என்ன செய்தோம்? கிருமிக்கு டெல்லி பெயர் வைத்துவிட்டார்கள், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்று சண்டைக்குப் போனோம். அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர் என்பதையும், சென்னை நோயாளிகளிடமும் அந்த மரபணு கிடைத்தது என்பதையும் எத்தனை பேர் அழுத்திச் சொன்னார்கள்? அடுத்த ஆண்டே டெல்லிக் குழாய்த் தண்ணீரிலும் அது இருந்தது தெரிந்தது. சில ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்னும் ஹெச்1 அட்டவணை 2014 முதல் அமலில் இருக்கிறது. எங்கள் தெரு மருந்துக்கடையிலோ இன்றைக்கும் சீட்டு கேட்காமலே, அந்த அட்டவணையில் உள்ள செஃபிக்ஸிம் இரண்டு மாத்திரை கிள்ளித் தருகிறார்கள். இதைப் பற்றி முன்பே தங்களுக்கு எழுதினேன். இடமில்லை போலும், ராசிபலனுக்கு மட்டும் என்றும் இடமுண்டு.

அப்புறம் அந்தப் படம். பாக்டீரியா பற்றிய கட்டுரைக்குக் கொரோனா வைரஸ் படம்! பழைய படம் மிச்சம் இருந்ததோ என்னவோ.

ஐசியுவில் சேர்ப்பதற்கு முன்னால் அங்கே தொற்று எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என ஒரு வரியாவது தாங்கள் எழுதலாம். அதுகூட வேண்டாம், அடுத்த இதழில் படம் தவறு என்று ஒரு சிறு திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருச்சி