கதை மாலைக்கு முன்னால் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உங்கள் பகுதிக் குடும்பங்களைக் கூட்டி வாசிப்பு மாலை நடத்தப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். செப்டம்பர் 8 நல்ல நாள்தான். யுனெஸ்கோ 1966-இல் அறிவித்த உலக எழுத்தறிவு நாள் அது.

முதியோர் வகுப்பில் பல வருஷம் பாடம் நடத்தியவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். எழுத்துத் தெரியாத பெற்றோர் அன்று கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான். நோட்டீஸ் ஒட்டினால் போதும் என்று நினைக்காதே. அதைப் படிக்க முடியாதவர்களைத்தானே நீ முக்கியமாகக் கூப்பிடுகிறாய்? சின்ன ஊர்தானே, வீடு வீடாகப் போய் வாயால் சொல். வாசலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டும் வேண்டாம். யாரையும் எழுப்பி நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்லாதே, பிள்ளைகளையும்தான். ஒருமுறை கூனிக் குறுகிப் போனவர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார்.

எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் நிறைய வாங்கி வை. படத்தைப் பார்த்துக் கதை சொல்ல யாராலும் முடியும். பக்கத்தைப் படித்து முடிப்பதைவிட, அதைப் பற்றிப் பிள்ளையோடு பேசுவதில்தான் பலன் அதிகம். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தது சின்ன விஷயம்தான்: ஆம், இல்லை என்று முடியாத கேள்வியாகக் கேளுங்கள், குழந்தை சொன்னதோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் கதை வாசிக்கக் கேட்ட குழந்தைகளின் பேச்சைவிட நன்றாக முன்னேறியிருந்தது. அன்று நீயே ஒரு குழந்தையை மடியில் வைத்து இதைச் செய்து காட்டு. "இவன் ஏன் மரத்தடியில் ஒளிந்திருக்கிறான்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இரு. பதில் வர நேரமாகும். அந்த இடைவெளியில் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் பெரியவர்களான நம் எல்லோருடைய பழக்கம். எந்த மொழி வீட்டில் பேசுகிறார்களோ அதிலேயே பேசட்டும். பள்ளிக்கூட மொழியில்தான் பேச வேண்டும் என்று யாரும் தயங்கக் கூடாது.

நேரத்தை நீட்டாதே, ஒரு மணி நேரம் தாராளம். அதற்கு மேல் போனால் சின்னதுகள் சிணுங்கும். கைக்குழந்தையோடு வருகிறவர்களையும் சேர்த்துக்கொள், பாய் விரித்துவிட்டால் சமாளித்துக்கொள்வார்கள். பேச்சாளர், வரவேற்புரை, நன்றியுரை எதுவும் வேண்டாம்.

ஆள் குறைவாக வந்தால் சோர்ந்துவிடாதே. நாலு குடும்பம் வந்தாலும் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார உனக்கு நேரம் கிடைக்கும். கிளம்பும்போது ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தனுப்பு. கிழிந்து வந்தாலும் பரவாயில்லை, அபராதம் எதுவும் வைக்காதே. அடுத்த தேதியையும் அப்போதே சொல்லிவிடு.

எந்தெந்த வயதுப் பிள்ளைகள் வருவார்கள் என்று விசாரித்து எழுது. அதற்குத் தகுந்த படப் புத்தகங்களை நான் பார்த்துப் பொறுக்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா