நீ போற லைன் சாதாரண லைன் இல்லையடா

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், வீட்டில எல்லாரும் சுகமோ. இஞ்ச ஒரு குறையும் இல்ல, காலபோகம் வெட்டி முடிஞ்சுது, இரணைமடுவில தண்ணி நிக்கிறபடியா சிறுபோகமும் விதைக்கலாம் எண்டு கதைக்கினம், அதால வேர்க்‌ஷொப் வாசல்ல லான்ட்மாஸ்டரும் டிராக்டருமா வரிசை. அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டுந்தான், உன்னை அடிக்கடி விசாரிப்பா.

நீ ஹேஸ்டிங்ஸில வீடு எடுத்திட்டன், டன்பிறிட்ஜ் வெல்ஸ் வழியா லண்டனுக்கு றெயின்ல வேலைக்குப் போறன் எண்டு எழுதினாயெல்லே, அதைப் பாத்ததில இருந்து எனக்கு மண்டைக்குள்ள அதுதான் ஓடுது. அந்தப் பாதையில இருக்கிற சுரங்கங்களின்ர கதை உனக்குத் தெரியுமோ? 1850களின்ர தொடக்கத்தில கட்டினது. கொந்திராத்துக்காரர் காசு வாங்கின அளவுக்குச் செங்கல் அடுக்கு வைக்காமல் குறைச்சுக் கட்டிப்போட்டாங்கள். 1855இல மவுன்ட்ஃபீல்ட் சுரங்கத்தில ஒரு பகுதி இடிஞ்சு விழுந்தாப் பிறகுதான் களவு வெளிச்சத்துக்கு வந்தது. திரும்ப அகலமாக் குடையக் கம்பனியிட்டக் காசு இல்ல, அதால உள்பக்கமாவே இன்னும் செங்கல் அடுக்கினவை. கூரை நிண்டுது, ஆனா உள்ளுக்குள்ள இடம் சுருங்கிட்டுது, ரெண்டு லைன் பக்கத்தில பக்கத்தில போற சுரங்கத்தில அது எவ்வளவு பெரிய நட்டம் எண்டு யோசிச்சுப் பார்.

அதுக்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேல வண்டியளைத்தான் சுரங்கத்துக்கு ஏத்த மாதிரி ஒடுக்கினது. 1930இல வந்த ஸ்கூல்ஸ் எண்ட நீராவி எஞ்சினுக்குக் கபின் பக்கத்தை உள்ளுக்கு வளைச்சுக் கட்டினவை. 1957இல ஒடுங்கின டீசல் பெட்டியள். 1962இல தான் எனக்குப் பிடிச்ச சாமான், கிளாஸ் 33 எண்ட டீசல் எஞ்சின் வகையில பன்னிரண்டை மட்டும் 9 அடி 3 அங்குலத்தில இருந்து 8 அடி 8 அங்குலத்துக்கு ஒடுக்கிக் கட்டினது, ஸ்லிம் ஜிம் எண்டு பேர். உள்ளுக்க அதே 1550 குதிரைவலு சுல்சர் எஞ்சின், அதே ஜெனரேற்றர், உடம்பு மட்டும் 7 அங்குலம் குறைவு. நான் தினம் எஞ்சின் கழட்டிப் பூட்டுறவன், 7 அங்குலம் எண்டா என்ன எண்டு எனக்குத் தெரியும். ஸ்பானர் திருப்பக் கை போற இடம் அது, ஆள் நடந்து போய்ப் பாக்கிற இடம் அது.

வளைவில இன்னும் கஸ்டம். நீட்டு வண்டி வளைவில திரும்பேக்க நடு உடம்பு உள்பக்கம் தள்ளும், ரெண்டு முனையும் வெளிப்பக்கம் தள்ளும், அப்ப சும்மா அகலத்தை மட்டும் அளந்து காணாது, நீளத்தையும் போகி, அதான் அடியில சில்லுப் பூட்டின சட்டம், எங்க இருக்கு எண்டதையும் சேத்துக் கணக்குப் போடவேணும்.

வேல்ஸில வேற மாதிரி. பெரி போர்ட் பக்கம் ஒரு நிலக்கரி லைன், பழைய வாய்க்கால்ப் படுக்கையில போட்டது, வள்ளம் போறதுக்கெண்டு கட்டின பாலங்களெல்லாம் பதிவு, உயரம் குறைவு. அங்க அகலம் பிரச்சினை இல்ல, உயரம்தான். முதல்ல 204 குதிரைவலு குட்டி எஞ்சினின்ர கபினைப் பதிச்சு ஓட்டினவை, பிறகு 1980களில 350 குதிரைவலு கிளாஸ் 08இல சிலதை எடுத்து அதுகளின்ர கபினையும் வெட்டிப் பதிச்சவை. 1996இல லைனே மூடிட்டுது. கபினை வெட்டினது சரியான முடிவு எண்டுதான் நான் சொல்லுவன், நிலக்கரிக்கு மட்டும் இருந்த ஒரு லைனுக்காக எல்லாப் பாலத்தையும் உடைச்சுக் கட்டுறதிலும் பாக்க ஒரு சில கபினை வெட்டுறது எவ்வளவோ மேல்.

ஆனா ஹேஸ்டிங்ஸில செய்தது எனக்கு மனசுக்கு ஒப்பேல்ல. ஆரோ செங்கல் திருடினதுக்கு நூறு வருசம் கழிச்சுப் பிறந்த மெக்கானிக் ஒடுங்கின பெட்டிக்குள்ள முதுகை வளைச்சு நிண்டிருக்கிறான். பன்னிரண்டே எஞ்சின் எண்டா ஒண்டு பழுதானா மற்ற கிளாஸ் 33ஐக் கொண்டுவந்து அந்த லைன்ல விடவும் ஏலாது. கடைசியில 1986இல கரண்ட் போடேக்கதான் சில சுரங்கத்துக்க ஒரு லைனைக் கழட்டி மற்றதை நடுவில போட்டவை, வளைவுக் கூரைக்கு நடுவில தானே இடம் கூட, அப்ப சாதாரண அகல வண்டியே போகுது. அதுக்கு விலை, எதிர வாற வண்டிக்குக் காத்து நிக்கிறது. அந்த விலை எங்களுக்குத் தெரியாததோ, வவுனியாவில இருந்து இஞ்சால முழுக்க ஒத்தை லைன் தானே.

எங்கட லைன்ல சுரங்கம் இல்ல, பாதையும் 1676 மில்லிமீற்றர் அகலம், அவங்கட 1435. சண்டைக்காலத்தில சிலிப்பர் கட்டையெல்லாம் பங்கருக்குப் போய்த் தண்டவாளமே இல்லாமல் கிடந்த இடத்தில 2013 செப்டெம்பரில கிளிநொச்சிக்குத் திரும்பக் கோச்சி வந்தது, நிலம் வெட்டையாக் கிடந்தபடியா ஆரும் எதையும் ஒடுக்க வேண்டி வரேல்ல. 1954இல கொழும்புத் திட்டத்தில கனடா தந்த M2 எஞ்சின் ஞாபகம் இருக்கோ, ஒன்ராறியோ, அல்பேட்டா எண்டு மாகாணப் பேர் எழுதிக் கிடக்கும், அது G12 மொடல், எத்தினையோ நாட்டுப் பாதைக்குப் போகவேணும் எண்டு முதலே கைக்கு அடக்கமா வரைஞ்சு கட்டினது, போகியை மாத்தினா வேற அகலத்திலயும் ஓடும். எனக்கு அந்த வேலைதான் பிடிச்சது.

இப்ப நீ ஒரு உதவி செய். சென்ட் லெனர்ட்ஸில அந்த 1957 டீசல் பெட்டியளைச் சிலபேர் பழுதுபாத்து ஓட விட்டிருக்கினம், உன்ர வீட்டுக்குக் கிட்ட. ஒருநாள் போய், ஏலுமெண்டா எஞ்சின் இருக்கிற பெட்டிக்குள்ள ஏறி, ரெண்டு பக்கமும் எவ்வளவு இடம் கிடக்கு எண்டு போட்டோ எடுத்து அனுப்பு. பெயின்ற் வடிவைப் பாத்து வெளியால எடுக்காத, எனக்கு உள்பக்கம் தான் வேணும். ஆவணியில வாறதெண்டா முன்னமே சொல்லு, அம்மா ஒடியல் காயவைக்கப் போறாவாம்.